பெண் குழந்தைத் திட்டப் படிவத்தை எப்போது நீட்டுவது

பாலக்கோடு பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். புதிதாக வேலைக்கு வந்த பெண்கள் இப்போதும் போன் செய்வார்கள். "அக்கா, ரெண்டும் பொண்ணா இருக்கிற வீடு. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பத்தி எப்படிப் பேசறது?"

படிவத்தைப் பையிலேயே வைத்திருங்கள். முதல் நாள் வெளியே எடுக்கவே வேண்டாம்.

முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தில் ஒரே பெண் என்றால் 50,000 ரூபாய், இரண்டு பெண்கள் என்றால் ஆளுக்கு 25,000 ரூபாய் அரசு டெபாசிட் போடுகிறது. 18 வயதில் வட்டியோடு கிடைக்கும். ஆண் குழந்தை இருக்கக் கூடாது, பெற்றோரில் ஒருவர் கருத்தடை செய்திருக்க வேண்டும், வருமானச் சான்றும் வேண்டும். ஆக, ஏழை வீட்டில் மட்டும்தான் இந்தப் பேச்சே. வசதியான வீட்டில் யாரும் போய் இதற்கு விலை சொல்வதில்லை.

நான் முதல் நாளே நீட்டியவள். அந்தப் பெண் திண்ணையில் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு மகள்கள், சின்னது மடியில். "ஆளுக்கு இருபத்தஞ்சாயிரம் வரும், யோசிக்காதே" என்றேன். மாமியாரும் தலையாட்டினார். கையைப் புடவையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள், காகிதத்தில் புளிப்பிசுக்கு ஒட்டியது. இரண்டு வருஷம் கழித்துச் சின்னவள் காய்ச்சலில் போய்விட்டாள். அப்புறம் ஒருநாள் அந்தத் தாய் வந்து கேட்டாள்: "நர்ஸம்மா, மறுபடி சேர்த்துத் தைக்க முடியாதா?" அதற்கும் ஆபரேஷன் உண்டு, ஆனால் குழந்தை தங்கும் என்று உறுதி சொல்ல முடியாது. இதை நான் கையெழுத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும்.

அதனால் பெண்ணிடம் தனியாகப் பேசுங்கள். மாமியாரை எப்படி நகர்த்துவது? குழந்தையை எடை போட அங்கன்வாடிக்கு அவரோடு அனுப்பிவிடுங்கள், அரை மணி நேரம் கிடைக்கும். பிறகு ஒரே கேள்வி: "இந்தப் பணமே இல்லைன்னு வை, அப்பவும் இப்பவே செஞ்சுக்குவியா?" இல்லை என்றால் அன்றைக்கு ஆபரேஷன் பேச்சு வேண்டாம். தற்காலிகக் கருத்தடைக்குக் காப்பர் டி இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி இருக்கிறது, அதைச் சொல்லுங்கள். ஆமாம் என்றால், இது நிரந்தரம் என்பதை அவள் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

கணவர் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை. பெண்ணுக்கு 22 வயது ஆகியிருக்க வேண்டும், ஒரு குழந்தையாவது ஒரு வயதைத் தாண்டியிருக்க வேண்டும். "பெற்றோரில் ஒருவர்" என்றால் ஆணும் செய்துகொள்ளலாம் என்று அர்த்தம். அதைக் கணவர் காதில் விழும்படி சத்தமாகவே படியுங்கள். என் சர்வீசில் அப்படிக் கேட்டுவிட்டு எழுந்து போகாத ஆண்களை விரல் விட்டு எண்ணலாம்.

ஆபரேஷன் நாளில் பட்டியலில் எத்தனை பேர் என்று விசாரியுங்கள். ஒரு குழு ஒரு நாளில் 30 பேருக்கு மேல் செய்யக் கூடாது. 2014இல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குச் செய்தார், 13 பெண்கள் இறந்தார்கள். கருத்தடை முகாம்களையே நிறுத்தச் சொல்லி 2016இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது.

மாதாந்திரக் கூட்டத்தில் "எத்தனை கேஸ்?" என்பார்கள். இலக்கு வைப்பதை மத்திய அரசு 1996இலேயே கைவிட்டது. "எதிர்பார்க்கும் அளவு" என்று வேறு பெயரில் அது திரும்ப வந்ததுதான் கதை. ஊசி, காப்பர் டி போட்டவர்களின் பதிவேட்டையும் எடுத்துப்போய்க் காட்டுங்கள். திட்டத்தான் செய்வார்கள், பரவாயில்லை.

இன்னொன்று என்னை உறுத்தும். 2001 கணக்கெடுப்பில் தருமபுரியில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகள்தான். வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுப் போகச் சொல்லி சேலத்தில் 1992இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் அந்த வருஷம் இங்கும் வந்தது. சரி, ஆபத்து அதிகம் யாருக்கு? ஆண் பிள்ளைக்காகக் காத்திருந்து பிறக்கும் மூன்றாவது பெண்ணுக்கு. டெபாசிட் திட்டம் அவளைக் கண்டுகொள்வதில்லை. மூன்றாவது பிள்ளை வயிற்றில் இருக்கும் வீட்டுக்குப் படிவம் இல்லாமலே போங்கள், அடிக்கடி போங்கள்.

இப்போது காற்று மாறி வீசுகிறது. இரண்டு குழந்தைக்கு மேல் பெற்றவர்கள் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக் கூடாது என்ற சட்டத்தை ஆந்திரா 2024இல் நீக்கிவிட்டது. நம் தலைவர்களும் சீக்கிரம் பெற்றுக்கொள்ளுங்கள் என்கிறார்கள். நாளைக்குக் கூடுதல் பிள்ளைக்குப் பணம் தரும் படிவத்தையும் உங்கள் பையிலேயே வைத்து அனுப்பலாம். கேள்வி அதேதான்: பணம் இல்லையென்றால் பெற்றுக்கொள்வாயா?

இரண்டாம் முறை போகும்போது படிவத்தைக் கொடுத்துவிட்டு, வாசிக்க ஒரு வாரம் விடுங்கள். கிளம்பும்போது வாசலில் செருப்பை மெதுவாக மாட்டுங்கள். வீட்டில் எல்லோர் முன்னாலும் கேட்காததை அங்கே வந்துதான் கேட்பாள்.