முழங்கால் மாற்று அறுவை சிகிச்சைக்கு முன் ஆய்வுகளை வாசிக்கும் முறை

வீட்டில் மூத்தவர் ஒருவருக்கு முழங்கால் மூட்டை மாற்றலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டால், அன்றிரவே பிள்ளைகளில் ஒருவர் கைப்பேசியை எடுத்துத் தேட ஆரம்பித்துவிடுகிறார். ஒரு பக்கத்தில் இந்தச் சிகிச்சை பெரும் வெற்றி என்று இருக்கும். இன்னொரு பக்கத்தில், செய்துகொண்ட பலருக்கு வலி தீரவில்லை என்று இருக்கும். இரண்டுமே முறையான ஆய்வுகளிலிருந்து எடுத்தவையாக இருக்கக்கூடும். சிங்கப்பூர் மருத்துவமனை ஒன்றில் ஆய்வு ஒருங்கிணைப்பாளராக, அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் நோயாளிகளிடம் கேள்வித்தாள்களை நிரப்பி வாங்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். அந்த முரண்பாடு எங்கிருந்து வருகிறது, ஆய்வுகளை எப்படி வாசிப்பது, வாசித்ததை மருத்துவரின் அறைக்குள் எப்படிக் கொண்டுசெல்வது என்பதை இங்கே எழுதுகிறேன். முழங்காலை உதாரணமாக எடுத்துக்கொண்டாலும், மற்ற அறுவை சிகிச்சைகளுக்கும் பெரும்பாலும் இதே வழி பொருந்தும்.

தேடுவதற்கு முன் ஒரு தாள்

முதலில் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை செய்துகொள்ளப்போகிறவரிடமே உட்கார்ந்து, “இந்த முழங்கால் சரியானால் நீங்கள் என்னவெல்லாம் செய்யவேண்டும்?” என்று கேட்டு, அவர் சொல்வதை அவருடைய சொற்களிலேயே எழுதுங்கள். இதைப் பிள்ளைகள் தாங்களாக ஊகித்து எழுதக்கூடாது. நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது.

முழங்கால் சிகிச்சையின் பலனை அளக்க உலகெங்கும் பயன்படும் ஆக்ஸ்ஃபர்டு முழங்கால் கேள்வித்தாளில் 12 கேள்விகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை புள்ளி; மொத்தம் 48. இரவில் படுக்கையில் வலி எப்படி, நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா, வீட்டுச் சாமான்களைத் தனியாகப் போய் வாங்க முடிகிறதா, படிக்கட்டில் இறங்க முடிகிறதா என்று கேள்விகள் போகும். அவற்றில் ஒன்று, மண்டியிட்டு மறுபடி எழ முடிகிறதா என்பது. ஒருநாள் அந்தக் கேள்வியை ஓர் அம்மாவிடம் படித்துக் காட்டியபோது, அவர் சற்று நேரம் தாளையே பார்த்தார். “மண்டி போட்டு நான் என்னம்மா பண்ணப்போறேன்? வெள்ளிக்கிழமை கோயில்ல பூசை முடியிற வரைக்கும் தரையில சம்மணம் போட்டு உக்காந்திருக்கணும். யார் கையையும் பிடிக்காம எந்திரிக்கணும். அது இதுல எங்க இருக்கு?” என்றார். அது அந்தத் தாளில் இல்லை. பக்கத்தில் இருந்த மகள், தன் தாய் தேக்கா சந்தைக்கு நடந்து போகத்தான் ஆசைப்படுகிறார் என்று அதுவரை நினைத்திருந்தார்.

மாற்று மூட்டு வைத்த பிறகு வலி நன்றாகக் குறைந்து, நடை சீரானவர்கள்கூட மண்டியிடுவதும் தரையில் அமர்ந்து எழுவதும் கடினமாகவே இருக்கிறது என்று சொல்வது மிகச் சாதாரணம். ஆகவே மொத்தம் 40 புள்ளி வாங்கிய ஒருவர், தான் மிகவும் விரும்பிய ஒன்றைச் செய்ய முடியாமல் இருக்கலாம். தாளில் எழுதியது கையில் இருந்தால்தான், ஆய்வு எண்ணியதும் உங்கள் வீட்டில் எண்ணவேண்டியதும் ஒன்றுதானா என்று பார்க்க முடியும்.

எதை எண்ணினார்கள்?

ஆய்வுகளின் சுருக்கங்களைப் பப்மெட் தளத்தில் கட்டணமின்றி வாசிக்கலாம். சுருக்கத்தில் முதலில் தேடவேண்டியது முடிவுரையை அல்ல. ‘முதன்மை விளைவு’ (primary outcome), அதாவது ஆய்வு முக்கியமாக அளக்க எடுத்துக்கொண்டது, என்று எதைக் குறிப்பிட்டிருக்கிறார்கள் என்பதைத்தான். தொடக்கத்தில் நான் சொன்ன முரண்பாடு பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

சுவீடன், ஆஸ்திரேலியா, பிரிட்டன் போன்ற நாடுகளில் மூட்டு மாற்றுப் பதிவேடுகள் இருக்கின்றன. அவை முக்கியமாக எண்ணுவது, வைத்த மூட்டை மறுபடி திறந்து மாற்றவேண்டி வந்ததா என்பதை. 2019-இல் லான்செட் இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, முழு முழங்கால் மூட்டு மாற்றுகளில் சுமார் 82 விழுக்காடு 25 ஆண்டுகள் நிலைக்கின்றன என்று கணக்கிட்டது. உண்மையிலேயே பெரிய சாதனை அது. ஆனால் நோயாளிகளிடமே நேராகக் கேட்ட ஆய்வுகளை 2012-இல் தொகுத்துப் பார்த்தபோது, முழங்கால் மாற்றிய பல மாதங்களுக்குப் பிறகும் குறிப்பிடத்தக்க வலி இருப்பதாகச் சொன்னவர்கள் ஆய்வுக்கு ஆய்வு 10 முதல் 34 விழுக்காடு வரை இருந்தார்கள். ஏறத்தாழ ஐவரில் ஒருவர் என்று சொல்லலாம். ஒரு கணக்கு மூட்டு நிலைத்ததா என்று கேட்டது, மற்றது மனிதருக்கு வலி போனதா என்று கேட்டது. வலியோடு நடமாடினாலும் மறு அறுவை சிகிச்சைக்குப் போகாத ஒருவர், முதல் கணக்கில் வெற்றியாகவும் இரண்டாம் கணக்கில் வெற்றி அல்லாதவராகவும் பதிவாகிறார்.

வயதும் இங்கே கணக்கை மாற்றிவிடும். பிரிட்டன் தரவுகளைக் கொண்டு 2017-இல் வந்த ஆய்வில், 70 வயதுக்கு மேல் முழங்கால் மாற்றியவர்களுக்கு வாழ்நாளில் மறு அறுவை சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு சுமார் 5 விழுக்காடுதான். ஐம்பதுகளின் தொடக்க வயதில் மாற்றிக்கொண்ட ஆண்களுக்கோ அது 35 விழுக்காடு வரை போனது. அப்பாவுக்கு 74 வயது என்றால் ஒரு கவலை குறைகிறது. 52 வயது அண்ணன் கேட்கிறார் என்றால் அதே கேள்வி முதலிடத்துக்கு வரவேண்டும்.

பக்கவிளைவுகளின் கணக்கையும் மேலோட்டமாக விட்டுவிடாதீர்கள். ‘சிக்கல்கள் 10 விழுக்காடு’ என்று மட்டும் இருந்தால் ஒன்றும் தெரியாது. 2004 முதல் பரவலாகப் பயன்படும் கிளாவியன்-டிண்டோ வகைப்பாடு சிக்கல்களை ஐந்து படிகளாகப் பிரிக்கிறது: முதல் படி சிறு மருந்தோடு போய்விடும், மூன்றாம் படிக்கு மறுபடி அறுவை அல்லது அதுபோன்ற தலையீடு தேவை, ஐந்தாம் படி மரணம். எந்தப் படியில் எத்தனை பேர் என்று கட்டுரையின் அட்டவணையில் தேடுங்கள்.

யாரோடு ஒப்பிட்டார்கள்?

சிகிச்சைக்கு முன் 20 புள்ளி, பின் 35 புள்ளி என்று ஒரே குழுவை மட்டும் அளந்த ஆய்வு, சிகிச்சைதான் அந்த 15 புள்ளியைக் கொடுத்தது என்று நிரூபிக்காது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர்கள் மருத்துவரிடம் போகிறார்கள். அதற்குப் பிறகு அது தானாகவே சற்று இறங்கும். நம்பிக்கையும் ஓய்வும் கவனிப்பும் தம் பங்கைச் செய்யும்.

இதை மறக்க முடியாதபடி காட்டியது அமெரிக்காவின் ஹூஸ்டனில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வு. முழங்கால் தேய்மானம் உள்ள 180 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். இரண்டு குழுக்களுக்கு ஆர்த்ரோஸ்கோபி முறையில், அதாவது சிறு துளை வழியே கேமராக் குழாயைச் செலுத்தி, மூட்டைக் கழுவுவதோ சுத்தம் செய்வதோ நடந்தது. மூன்றாம் குழுவுக்குத் தோலில் கீறல்கள் மட்டும் போட்டார்கள். ஆனால் நோயாளி எதையும் உணர்ந்துவிடக்கூடாது என்பதற்காக, அறுவை மருத்துவர் எல்லாக் கருவிகளையும் கேட்டு வாங்கினார், காலை வளைத்து நிமிர்த்தினார், கழுவும் ஓசை வரும்படி தண்ணீரைத் தெறிக்கவிட்டார்கள். இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், உண்மையான சிகிச்சை பெற்றவர்கள் பொய்ச் சிகிச்சை பெற்றவர்களைவிட வலியிலோ நடையிலோ மேலான நிலையில் இல்லை. முன்பின் அளவை மட்டும் பார்த்திருந்தால், அந்தச் சிகிச்சை வேலை செய்கிறது என்றே எல்லாரும் நம்பியிருப்பார்கள்.

மூட்டு மாற்றுச் சிகிச்சை அந்த வகையைச் சேர்ந்ததல்ல என்று உடனே சொல்லிவிட வேண்டும். டென்மார்க்கில் 100 பேரிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வை நான் எல்லாரிடமும் வாசிக்கச் சொல்கிறேன். ஒரு பாதியினருக்கு மூட்டு மாற்றும் அதன்பின் 12 வாரப் பயிற்சித் திட்டமும். மறு பாதியினருக்கு உடற்பயிற்சி, உணவு ஆலோசனை, காலணி உள்தகடு, வலி மருந்து ஆகியவை கொண்ட அதே திட்டம் மட்டும். ஓராண்டு கழித்து, 100-க்கு அளக்கும் ஓர் அளவுகோலில் முதல் குழு சராசரியாக 32.5 புள்ளியும், இரண்டாம் குழு 16 புள்ளியும் முன்னேறின. அறுவை சிகிச்சை தெளிவாக மேலானது. ஆனால் கத்தி படாதவர்களும் கணிசமாகத் தேறினார்கள். கடுமையான பாதகங்கள் முதல் குழுவில் 24, இரண்டாம் குழுவில் 6. அறுவை இல்லாத குழுவில் இருந்த 50 பேரில் 13 பேர் அந்த ஓராண்டுக்குள் தாமே அறுவை சிகிச்சைக்குப் போனார்கள்.

அந்த 13 என்ற எண்ணில் சற்று நில்லுங்கள். அவர்களுடைய முன்னேற்றமும் இரண்டாம் குழுவின் கணக்கிலேயே எழுதப்பட்டது. யார் எந்தக் குழுவில் விழுந்தாரோ அதிலேயே கடைசிவரை எண்ணுவதுதான் முறை. அப்படிச் செய்யாவிட்டால் குலுக்கிப் பிரித்ததற்கே பயனில்லை. இதை வேறு விதமாகவும் வாசிக்கலாம்: பயிற்சியில் தொடங்கிய நான்கில் மூன்று பேர் ஓராண்டுவரை அறுவை இல்லாமலேயே இருந்தார்கள். பொறுத்துப் பார்க்கலாமா என்று கேட்கும் குடும்பத்துக்கு இது நேரடியான பதில். ஆயினும் மிகக் கடுமையான வலி இருந்தவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. இரவெல்லாம் தூங்க முடியாமல் தவிக்கும் ஒருவரிடம் இந்த எண்ணைக் காட்டி, “கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்வது நியாயமாகாது. யாரைச் சேர்த்தார்கள், யாரை விலக்கினார்கள் என்ற பத்தியை எப்போதும் வாசியுங்கள்.

விழுக்காட்டை ஆட்களாக மாற்றுங்கள்

‘தொற்று 50 விழுக்காடு குறைந்தது’ என்பது, நூற்றில் 2 பேருக்கு வந்தது 1 ஆனதையும் குறிக்கலாம், 40 பேருக்கு வந்தது 20 ஆனதையும் குறிக்கலாம். நூறு பேர் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்திருப்பதாக நினைத்து, எத்தனை நாற்காலி மாறுகிறது என்று எழுதிப் பாருங்கள்.

சிறு துளை என்றால் பாதுகாப்பு என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருப்பதால், வேறு துறையிலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். ஆரம்பநிலைக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு வயிற்றைத் திறந்து செய்யும் முறையையும் நுண்துளை முறையையும் 631 பெண்களிடம் குலுக்கிப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு 2018-இல் வந்தது. நாலரை ஆண்டுகளில் நோயின்றி உயிரோடிருந்தவர்கள் திறந்த முறையில் 96.5 விழுக்காடு, நுண்துளை முறையில் 86 விழுக்காடு. நூறு பேர் கொண்ட மண்டபத்தில் பார்த்தால், நோய் திரும்பியவர்களோ இறந்தவர்களோ திறந்த முறையில் மூன்று நான்கு பேர். நுண்துளை முறையில் 14 பேர். குலுக்கிப் பிரிக்காத முந்தைய ஆய்வுகள் பலவும் இரண்டும் சமம் என்றே சொல்லியிருந்தன. எத்தனை நாளில் வீடு திரும்பினார் என்பதை மட்டும் எண்ணியிருந்தால், இந்த வேறுபாடு கண்ணிலேயே பட்டிருக்காது.

மருத்துவரின் அறைக்குள்

ஆய்வுக் கட்டுரையை அச்சிட்டு மேசைமேல் வைத்து வாதாடுவதால் பயனில்லை. தொடக்கத்தில் மூத்தவரின் சொற்களில் எழுதிய அந்தத் தாளைக் கொண்டுபோங்கள். “அம்மாவுக்குக் கோயிலில் தரையில் அமர்ந்து எழுவதுதான் முக்கியம்; இந்தச் சிகிச்சைக்குப் பிறகு அது நடக்குமா?” என்று அதில் எழுதியிருப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். சிங்கப்பூரில் இதற்குச் சட்ட அர்த்தமும் உண்டு. 2022 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் விதியின்படி, மருத்துவ ஆலோசனை தரும்போது, அதே நிலையில் உள்ள ஒருவர் முடிவெடுக்க நியாயமாகத் தேவைப்படும் தகவல்களோடு, அந்த நோயாளி தாமே வெளிப்படுத்திய குறிப்பான கவலைகளுக்குத் தேவையான தகவல்களும் கருத்தில் கொள்ளப்பட வேண்டும். மனத்துக்குள் வைத்திருக்கும் கவலையை யாரும் கணக்கில் எடுக்க முடியாது.

அதன்பின், நீங்களே ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள், இங்கே செய்துகொண்டவர்களின் நிலை ஓராண்டு கழித்து எப்படி இருக்கிறது, இப்போது செய்யாமல் ஆறு மாதம் பயிற்சி செய்தால் எதை இழப்போம் என்று கேளுங்கள். இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவாகுமோ என்று நம் மூத்தவர்கள் தயங்குவார்கள். நான் பார்த்த அறுவை மருத்துவர்களில் பெரும்பாலோர் இந்தக் கேள்விகளை மகிழ்ச்சியோடுதான் எதிர்கொண்டார்கள். தமிழில் பேசினால்தான் மூத்தவருக்கு விளங்கும் என்றால், முன்பதிவு செய்யும்போதே தாதியிடம் சொல்லி, மொழிபெயர்க்க ஆள் கிடைப்பாரா என்று விசாரியுங்கள். மகனோ மகளோ மொழிபெயர்த்தால் கெட்ட செய்தியைப் பாதியாகக் குறைத்துச் சொல்லிவிடுவார்கள், அன்பினால்தான்.

ஆய்வில் சேரும்படி கேட்டால்

அறுவை சிகிச்சைக்காகக் காத்திருக்கும்போது என்னைப் போன்ற ஒருவர் வந்து, ஆய்வு ஒன்றில் சேர விருப்பமா என்று கேட்கலாம். 2015-ஆம் ஆண்டின் மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டத்தின்கீழ் வரும் ஆய்வுகளுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி தேவை. ஒப்புதல் பொதுவாக எழுத்தில், சாட்சி ஒருவர் முன்னிலையில் பெறப்பட வேண்டும். எந்த நேரத்திலும் விலகலாம். விலகினாலும் வழக்கமான சிகிச்சை தொடரும். எந்தச் சிகிச்சை கிடைக்கும் என்பது குலுக்கலில் முடிவாகுமா, கூடுதலாக எத்தனை முறை வரவேண்டும், அதற்கான செலவை யார் ஏற்பார்கள் என்று கேட்டுவிட்டு, வீட்டுக்கு எடுத்துப்போய் யோசிக்க நேரம் கேளுங்கள். அங்கேயே கையெழுத்துப் போட்டாக வேண்டும் என்று யாரும் நெருக்கக்கூடாது.

சேர்ந்தபின் ஒரு காரியம் மட்டும் தவறாமல் செய்யுங்கள். ஓராண்டு முடிவில் நாங்கள் அழைப்போம். 200 பேர் சேர்ந்த ஆய்வில் 140 பேர் மட்டும் பதில் சொன்னால், மீதி 60 பேரும் நலமாக ஊர்சுற்றுகிறார்களா, மனம் நொந்து எங்கள் குரலையே கேட்க விரும்பவில்லையா என்று எங்களுக்குத் தெரியாது. அந்த ஆய்வின் முடிவு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதும் தெரியாது. மோசடி அழைப்புகளுக்குப் பயந்து அறியாத எண்களை யாரும் எடுப்பதில்லை, அது சரியான எச்சரிக்கைதான். அதனால் சேரும் நாளிலேயே எந்த எண்ணிலிருந்து அழைப்பு வரும் என்று கேட்டு, மூத்தவரின் கைப்பேசியில் பெயரோடு சேமித்துக் கொடுங்கள். சந்தேகம் வந்தால் மருத்துவமனையின் பொது எண்ணை அழைத்து உறுதிசெய்துகொள்ளலாம். முழங்கால் இன்னும் வலிக்கிறது, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தோன்றும் அன்றுதான் அந்த அழைப்பை எடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கோயிலில் உட்கார ஆசைப்பட்ட அந்த அம்மா எடுத்தார். வலி போய்விட்டது, தரையில் உட்கார இன்னும் முடியவில்லை, தூணோரம் நாற்காலி போட்டுத் தருகிறார்கள் என்றார். இரண்டையும் அப்படியே பதிவு செய்தேன்.