சுகர் வந்த பிறகு பயத்தில் செய்யும் தவறுகள்

செக்கப்புக்கு நாள் குறித்தாயிற்று என்றால் போதும், பல வீடுகளில் மூன்று நாள் முன்பே பத்தியம் தொடங்கிவிடும். இரவுச் சோறு போய்க் கோதுமை ரவை உப்புமா வரும். சாயங்காலக் காபியில் சர்க்கரை இருக்காது. மொட்டை மாடியில் திடீரென்று நடைப்பயிற்சி ஆரம்பமாகும். ஃபாஸ்டிங் 118 என்று வந்ததும் வீடே நிம்மதிப் பெருமூச்சு விடும். மறுநாள் முதல் எல்லாம் பழையபடி.

சர்க்கரை நோயோடு வாழ்கிறவர்கள் செய்யும் தவறுகளில் இதைத்தான் நான் முதலில் சொல்வேன். ஏனென்றால் இது அலட்சியத்தால் வருவதில்லை, பயத்தால் வருகிறது. டாக்டர் திட்டுவார், மாத்திரையைக் கூட்டுவார், ஊசிக்கு மாற்றிவிடுவார் என்ற பயம். எனக்கும் சுகர் உண்டு, எங்கள் குடும்பத்தில் பாதிப் பேருக்கு உண்டு. நாக்கு ருசி கெடுத்ததைவிட இந்தப் பயம் கெடுத்ததுதான் அதிகம் என்பது நான் பார்த்த வரையில் உண்மை.

அந்த 118-ஐப் பார்த்துத்தான் டாக்டர் மருந்தின் அளவை முடிவு செய்கிறார். எண் பொய்யானால் மருந்தும் தப்பாகத்தானே அமையும்? அதனால்தான் எச்பிஏ1சி என்கிற மூன்று மாதச் சராசரியைக் கேட்கிறார்கள். ரத்தச் சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். அத்தனை நாளும் ரத்தத்தில் ஓடிய சர்க்கரை அதிலுள்ள ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டே வரும். மூன்று நாள் பத்தியத்தால் அதை மறைக்க முடியாது. பெரும்பாலானவர்களுக்கு 7 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. வயதானவர்களுக்கும், அடிக்கடி சுகர் இறங்குகிறவர்களுக்கும் டாக்டர் கொஞ்சம் தளர்த்திச் சொல்வார். ரத்தசோகை இருந்தால் இந்த எண்ணும் மாறிக் காட்டலாம், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிரிட்டனில் டைப் 2, அதாவது பெரும்பாலும் பெரியவர்களுக்கு வரும் வகைச் சர்க்கரை நோயாளிகளைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்த யுகேபிடிஎஸ் ஆய்வில், எச்பிஏ1சி ஒரு சதவீதம் குறைவாக இருந்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்றவற்றின் சிறு ரத்தக்குழாய் பாதிப்புகள் 37 சதவீதம் குறைவாக இருந்தன. 9-லிருந்து 8-க்கு இறங்கினாலே லாபம்தான். 7-க்கு வரவில்லையே என்று நொந்து போக வேண்டியதில்லை.

டெஸ்ட் அன்று நடக்கும் இன்னொரு தவறு. வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள் என்று காலை மாத்திரையையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறோம். முதல் ரத்தம் கொடுத்ததும் கேன்டீனில் இட்லி, அப்புறம் இரண்டு மணி நேரம் கழித்து இரண்டாவது ரத்தம். மாத்திரை போடாமல் எடுத்த அந்த எண், மாத்திரை உங்களுக்கு எப்படி வேலை செய்கிறது என்று காட்டாது. டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் தவிர, மாத்திரையைக் கையோடு கொண்டுபோய் டிபனோடு வழக்கம்போலப் போடுங்கள். இரண்டு மணி நேரத்தை முதல் வாய் எடுத்து வைத்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும், கை கழுவிய நேரத்திலிருந்து அல்ல. டிபனும் வழக்கமாகச் சாப்பிடுவதாகவே இருக்கட்டும். வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்திருப்பவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுக் குத்திக்கொள்ளுங்கள். மாம்பழம் நறுக்கிய கையோடு குத்தினால், விரலில் ஒட்டிய சாறே எண்ணை ஏற்றிக் காட்டிவிடும்.

ஊசி என்றால் கடைசிக் கட்டமா?

"ஊசி போட ஆரம்பிச்சிட்டா அவ்வளவுதான்" என்ற பேச்சு இல்லாத ஊர் இல்லை. இந்த ஒரு வாக்கியத்தை நம்பி, எச்பிஏ1சி 10, 11 என்று நிற்கும்போதும் இன்சுலினை வருடக்கணக்கில் தள்ளிப் போடுகிறார்கள். அந்த வருடங்களில்தான் கண்ணும் சிறுநீரகமும் பாழாகின்றன. பிறகு ஊசி தொடங்கும்போது ஏற்கெனவே கெட்டுப்போனதற்கும் பழி ஊசியின் மேல் விழுகிறது. டைப் 2 நோயில் கணையம் சுரக்கும் இன்சுலின் வருடம் போகப் போகக் குறைந்துகொண்டே வரும். வெளியிலிருந்து கொடுப்பது அந்தக் குறையை நிரப்பத்தான். அறுவை சிகிச்சை, பெரிய தொற்று, கர்ப்ப காலம் என்று கொஞ்ச நாளுக்கு மட்டும் ஊசி தேவைப்படுகிறவர்களும் நிறைய உண்டு. 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் போட்டார்கள். அதற்கு முன்பு, கணையம் இன்சுலினையே ஏறக்குறையச் சுரக்காத டைப் 1 வகை வந்த குழந்தைகளைப் பட்டினிபோட்டுக் கொஞ்ச நாள் உயிரோடு வைத்திருப்பதைத் தவிர வேறு வழியே இல்லை. அப்படி வந்த மருந்தைப் பார்த்து நாம் பயப்படுகிறோம் என்பது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஊசியில் உண்மையாகவே பயப்பட வேண்டிய இடம் வேறு. நம் ஊரில் மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலின் குப்பியும் விற்கிறது, 100 யூனிட் உள்ளதும் விற்கிறது. 40-க்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100-க்கானது ஆரஞ்சு. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும். மெடிக்கலில் வாங்கும்போதே குப்பியில் இருக்கும் எண்ணையும் சிரிஞ்சில் இருக்கும் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைக்காரர் எரிச்சல்பட்டாலும் பரவாயில்லை. இன்சுலினை ஃப்ரீசரில் வைக்கக் கூடாது, உறைந்துபோனதைப் பயன்படுத்தவும் கூடாது. தினமும் ஒரே இடத்தில் குத்தினால் தோலுக்கடியில் கட்டி மாதிரி தடித்துவிடும், அங்கே போடும் மருந்து சரியாக ஏறாது. இடத்தை மாற்றிக்கொண்டே வாருங்கள்.

மாத்திரையைப் பற்றியும் ஒரு பயம் உண்டு: மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுத்துவிடுமாம். கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரையும் ரத்த அழுத்தமும். கிட்னியின் வேலைத்திறன் குறைந்தவர்களுக்கு டாக்டர் இந்த மாத்திரையைக் குறைப்பார், அல்லது நிறுத்துவார். அதிலிருந்துதான் இந்தப் பேச்சு கிளம்பியிருக்க வேண்டும். இதைப் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறைய வாய்ப்புண்டு என்பது மட்டும் உண்மை. கால் மரத்துப்போவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், கேட்டுப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் காசில்லை என்று மாத்திரையை விடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர் மாத்திரை இலவசம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் கொடுக்கிறார்கள். கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஊரே பேசுவதால் நான் சுருக்கமாகவே சொல்கிறேன். இரவில் சோற்றை விட்டுவிட்டு ஐந்து சப்பாத்தி சாப்பிட்டால் மாவுச்சத்து அப்படியேதான் இருக்கிறது. கேழ்வரகிலும் அரிசியைப் போல முக்கால் பங்கு மாவுச்சத்துதான், நைஸாக அரைத்துக் கூழாகக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும். கருப்பட்டி, தேன், நாட்டுச்சர்க்கரை எல்லாம் உடம்புக்குள் போனால் சர்க்கரைதான். தட்டில் பாதியைக் காயும் கீரையும் அடைத்துக்கொண்டு, சோற்றை ஒரு கரண்டி குறைப்பவர்கள் சோற்றை வெறுக்காமலேயே கட்டுப்பாட்டில் இருக்கிறார்கள்.

சுகர் இறங்கும்போது

உயர்ந்த சர்க்கரைக்கே எல்லோரும் பயப்படுகிறோம். இறங்குவதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கிளிமிபிரைடு வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இது எப்போது வேண்டுமானாலும் வரலாம். மாத்திரை போட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று டிபனை விட்டால் போதும். 70-க்குக் கீழே போனால் வியர்க்கும், கை நடுங்கும், அகோரமாகப் பசிக்கும். சிலருக்கு முதலில் வருவது எரிச்சல். சம்பந்தமில்லாமல் கத்துகிறவரைப் பார்த்து வீட்டார் கோபித்துக்கொள்வார்கள், அந்த நேரத்தில் விரலைக் குத்திப் பார்த்தால் 58 இருக்கும்.

அப்போது லட்டு, சாக்லேட், க்ரீம் பிஸ்கட் கொடுப்பதுதான் வழக்கமான தவறு. அவற்றிலுள்ள கொழுப்பு, சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதமாக்கும். மூன்று டீஸ்பூன் சர்க்கரையையோ குளுக்கோஸ் பவுடரையோ தண்ணீரில் கலக்கிக் குடிக்க வைத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறிய பிறகு இரண்டு இட்லியோ ஒரு பிடி சோறோ. நினைவில்லாமல் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். ஒரு தடவை இப்படி மயங்கி விழுந்தவர்கள், அந்தப் பயத்திலேயே எப்போதும் சர்க்கரையை 250-ல் வைத்துக்கொள்ளப் பார்ப்பதும் உண்டு. அதற்குப் பதிலாக டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ளலாம். புரட்டாசி சனி, கந்த சஷ்டி, ரமலான் நோன்பு என்று விரதம் இருப்பவர்கள் முதல் நாளே கேட்டு, எந்த மாத்திரையைக் குறைப்பது, எந்த நேரத்துக்கு மாற்றுவது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலையிடத்தில் சுகரை மறைப்பதும் இங்கே ஆபத்தாகிறது. எல்லோரிடமும் சொல்ல வேண்டாம். பக்கத்து இருக்கைக்காரர் ஒருவருக்காவது, பையின் எந்த அறையில் குளுக்கோஸ் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

வலிக்காத கால்

என் சித்திக்குக் காலில் ஆணி குத்தியது அவருக்கே தெரியாது. கூடம் முழுக்கச் சின்னச் சின்னதாய் ரத்தப் பொட்டு இருப்பதைப் பார்த்து, பூனை எதையோ கடித்துப் போட்டிருக்கிறது என்று துடைக்கப் போன மருமகள்தான் கண்டுபிடித்தாள். வலது குதிகாலில் ஆணி இன்னும் இருந்தது. சித்தி நடந்துகொண்டுதான் இருந்தார்.

"வலியே இல்லை, அதனால் ஒன்றுமில்லை" என்பது சுகர்காரர் காலுக்குப் பொருந்தாது. நரம்பு மரத்துவிட்டால் வலி எச்சரிக்காது. கோயில் பிரகாரத்தில் மதியக் கல்லில் நடந்து பாதம் கொப்பளித்தவர்கள் இருக்கிறார்கள். கொப்புளத்தைச் சாயங்காலம்தான் பார்ப்பார்கள். உச்சி வெயிலில் கோயிலுக்குப் போகாதீர்கள், காலையில் போங்கள். வெந்நீரில் கால் வைக்கும் முன் முழங்கையால் சூடு பாருங்கள். கால் ஆணியை பிளேடால் சீவாதீர்கள். மெட்டி இறுக்கமாக இருந்தால் கழற்றிப் பெரிதாக்குங்கள், அதற்கடியில் வரும் புண் வெளியே தெரியாது. படுக்கும் முன் பாதத்தையும் விரல் இடுக்கையும் ஒரு பார்வை பார்க்கலாம், குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். தேங்காய் எண்ணெய் தடவினால் பாதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், விரல் இடுக்கில் ஈரம் தங்கினால் பூஞ்சை வரும்.

ஜனவரித் தீர்மானங்கள்

"நாளையிலிருந்து சோறே தொடமாட்டேன், தினம் ஐந்து கிலோமீட்டர் நடப்பேன்." பக்கத்து வீட்டுக்காரருக்குக் கால் விரலை எடுத்தார்கள் என்று கேள்விப்பட்ட ராத்திரி எடுக்கும் சபதம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பொங்கலுக்குள் உடைந்துவிடும். உடைவதில் பெரிய நஷ்டமில்லை. உடைந்த பிறகு வருகிற குற்ற உணர்ச்சிதான் நஷ்டம். டாக்டர் முகத்தில் எப்படி விழிப்பது என்று அடுத்த செக்கப்பைத் தள்ளிப்போடுகிறோம், மீட்டரை அலமாரிக்குள் வைத்துவிடுகிறோம்.

தீர்மானம் எடுத்தால் நேரமும் இடமும் சேர்த்து எடுங்கள். ராத்திரி சாப்பிட்டதும் தெருமுனை வரை பதினைந்து நிமிடம் என்பது நல்ல தீர்மானம். சாப்பிட்டவுடன் நடந்தால் அந்த வேளைச் சர்க்கரை ஏறுவது குறையும், இரண்டே நாளில் மீட்டரில் நீங்களே பார்க்கலாம். வாரத்துக்கு 150 நிமிடம் என்பது டாக்டர்கள் சொல்லும் கணக்கு, இதிலேயே பெரும்பகுதி வந்துவிடும். கல்யாண வீட்டில் பாயசம் குடித்துவிட்டால் அன்று சாயங்காலமும் அதே பதினைந்து நிமிடம்தான். பட்டினி கிடந்து ஈடுகட்ட வேண்டாம், மாத்திரையை நீங்களாக இரண்டாகப் போடவும் வேண்டாம்.

இன்னொரு தீர்மானம் வருடத்தில் ஒரு நாள் கேட்பது: கண் விழித்திரை, சிறுநீரில் அல்புமின் என்கிற புரதம், காலின் உணர்வு, மூன்றையும் பரிசோதிக்க. பார்வை நன்றாக இருக்கிறதே என்று கண்ணை விட்டுவிடாதீர்கள். விழித்திரையில் ரத்தக்கசிவு தொடங்கும்போது எழுத்து தெளிவாகத்தான் தெரியும். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுப் பார்ப்பதால் சில மணி நேரம் மங்கலாக இருக்கும், வெயில் கூசும். அன்று வண்டியை எடுக்காமல் யாரையாவது துணைக்குக் கூட்டிப்போங்கள், மதிய மாத்திரையும் டிபன் பாக்ஸும் பையில் இருக்கட்டும்.