படிக்க வந்தவர் பாதியில் போவது ஏன்? இணைய வகுப்பு நடத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குரூப் 4 தேர்வுக்கு இணையத்தில் சிறிய பேட்ச் ஒன்று நடத்தி வருகிறேன். சேர்பவர்களில் பெரும்பாலோர் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். ஜவுளிக்கடையில் நிற்பவர்கள், டெலிவரிக்குப் போகிறவர்கள், கைக்குழந்தையோடு வீட்டில் இருப்பவர்கள். இரவு பத்து மணிக்கு மேல்தான் அவர்களுக்கு நிம்மதியாக செல்போனை எடுக்க நேரம் கிடைக்கும். அவர்களை விடாமல் படிக்க வைக்க வேண்டும் என்று நினைத்து, எங்கள் ஆப்பில் தொடர்நாள் கணக்கு ஒன்றை வைத்தேன். பல ஆப்களில் 'ஸ்ட்ரீக்' என்று இருக்குமே, அதேதான். தினமும் வந்தால் எண் ஒன்று கூடும். ஒரு நாள் தவறினால் பூஜ்ஜியம்.

43 நாள் தொடர்ந்து வந்த ஒரு பெண், குழந்தைக்குக் காய்ச்சல் என்பதால் ஒரு இரவு வரவில்லை. மறுநாள் திறந்து பார்த்தால் 0. "சார், எல்லாம் போச்சு. பாப்பா கொஞ்சம் வளரட்டும், அப்புறம் பார்த்துக்கிறேன்" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிட்டு நின்றுவிட்டார்.

அவர் படித்த எதுவும் போகவில்லை. போனது நான் வைத்த எண் மட்டும்தான். ஆனால் அவருக்கு அந்த எண்தான் படிப்பாகத் தெரிந்தது. அப்படித் தெரியும்படி வடிவமைத்தது நான். அன்றிலிருந்துதான் நினைவாற்றல் பற்றிய ஆய்வுகளையும் விளையாட்டு வடிவமைப்பையும் கவனமாகப் படிக்கத் தொடங்கினேன். நான் செய்த தவறுகளையும், மற்ற பேட்ச்களில் பார்க்கும் தவறுகளையும் இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்று. பாதியில் விட்டுப் போகிறவர்களைச் சோம்பேறிகள் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் இணையத்தில் நடத்திய இலவசப் பாடங்களில் 2017-18இல் பதிவு செய்தவர்களில் கடைசிவரை முடித்தவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று பேர்தான். அங்கே பாடமும் தரமானது, ஆசிரியர்களும் பெரியவர்கள். அப்படியும் நிலைமை அதுதான்.

வந்ததற்கே பாயிண்ட் கொடுப்பது

வீடியோ பார்த்தால் 10 பாயிண்ட், பி.டி.எஃப். திறந்தால் 5 பாயிண்ட் என்று பல ஆப்களில் இருக்கிறது. நானும் வைத்திருந்தேன். வீடியோவை ஓடவிட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாலும் பாயிண்ட் ஏறும். ஆப்புக்கு அது வருகைப்பதிவு. படிப்பவரின் மூளையில் எதுவும் பதிந்திருக்காது.

படித்ததையே திரும்பப் படிப்பதற்கும், புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் சோதித்தார்கள். மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு பகுதியை இரண்டு முறை படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒருமுறை படித்துவிட்டு, நினைவில் இருந்ததை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை படித்தவர்களே முன்னால் இருந்தார்கள்: 81 சதவீதம், மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்து அது தலைகீழாகிவிட்டது. திரும்பப் படித்தவர்களுக்கு 42, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56.

இதில் அந்த ஐந்து நிமிடக் கணக்குதான் நம்மை ஏமாற்றுவது. வீடியோ முடிந்த கையோடு வரும் குவிஸில் எல்லோரும் நன்றாக எழுதுவார்கள். நமக்கும் சந்தோஷம், அவர்களுக்கும் சந்தோஷம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட்டில் கையை விரிப்பார்கள். 'எனக்கு ஞாபகசக்தியே இல்லை' என்ற முடிவுக்கு வந்து, ஒரு மாதத்தில் போய்விடுவார்கள்.

இப்போது எங்கள் பேட்ச்சில் வீடியோவுக்குப் பாயிண்ட் கிடையாது. ஒரு கேள்விக்கு அன்றைக்கே சரியாகச் சொன்னால் 1 பாயிண்ட். அதே கேள்விக்கு ஒரு வாரம் கழித்துச் சொன்னால் 5. ஒரு மாதம் கழித்தும் சொன்னால் 20. இடைவெளி கூடக் கூடப் பாயிண்ட் கூடும். இன்னொன்றும் செய்தோம். கேள்வி வந்ததும் நான்கு விடைகளையும் காட்டுவதில்லை. வேலூர்ப் புரட்சி எந்த ஆண்டு என்று கேட்டால், முதலில் யோசித்து 1806 என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். அப்புறம் தொட்டால்தான் விடைகள் வரும். விடையைப் பார்த்து அடையாளம் காண்பது வேறு, தானாக எடுப்பது வேறு.

பேட்ஜ் விஷயத்திலும் கவனம் வேண்டும். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியல் ஆய்வாளர்கள் மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளில் சிலருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு சான்றிதழ் இல்லாத நாட்களில், அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். ஆசையாகச் செய்துகொண்டிருந்தது கூலி வேலை மாதிரி ஆகிவிட்டது. அதனால், எதிர்பாராமல் வரும் ஒரு பாராட்டு நல்லது. 'இதைச் செய், அதைத் தருகிறேன்' என்ற பேரம்தான் ஆபத்து.

பரமபதத்துப் பாம்பு

பரமபதம் ஆடியவர்களுக்குத் தெரியும். மேல் வரிசைக்கு வந்த பிறகு கடிக்கும் பாம்புதான் பெரிய பாம்பு. ஆனால் அதில் கீழே வந்தவர் காயை எறிந்துவிட்டுப் போவதில்லை. காரணம், ஆட்டம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், அடுத்த தாயத்தில் ஏணி கிடைக்கலாம். தொடர்நாள் கணக்கில் அப்படி ஏணி இல்லை. 43ஐத் திரும்ப எட்ட 43 நாள் வேண்டும்.

மொழி கற்றுத்தரும் டியோலிங்கோ போன்ற ஆப்கள் இதைப் புரிந்துகொண்டுதான், ஒரு நாள் தவறினாலும் கணக்கு அறுந்துவிடாதபடி முன்கூட்டியே ஒரு காப்பு வாங்கி வைத்துக்கொள்ளும் வசதியைக் கொடுத்தன. நான் அதையும் தாண்டிப் போனேன். தினக்கணக்கை எடுத்துவிட்டு வாரக்கணக்காக மாற்றினேன். வாரத்தில் எந்த நான்கு நாள் வந்தாலும் அந்த வாரம் நிறைவு. தவறிய வாரம் காலியாக இருக்கும், அவ்வளவுதான். நிறைந்த வாரங்கள் அழியாது, கூடிக்கொண்டே போகும். வேலைக்குப் போகிறவர்களுக்கும் குழந்தை வளர்ப்பவர்களுக்கும் தினக்கணக்கு நியாயமே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

மறதி வளைகோட்டைக் காட்டிப் பயமுறுத்துவது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 'இன்று படித்ததில் பெரும்பகுதி நாளைக்கே மறந்துவிடும்' என்று ஒரு வளைகோட்டுப் படத்தைப் போட்டு விளம்பரம் செய்யாத பயிற்சி வகுப்பே இல்லை. அந்தக் கோட்டுக்கு மூலம், ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இல் வெளியிட்ட ஆய்வு. அதில் அவர் சோதித்தது ஒரே ஒருவரை, அதாவது தன்னையே. மனப்பாடம் செய்ததும் பாடங்களை அல்ல, பொருளே இல்லாத அசைகளை. நம் மாணவர்கள் படிப்பதோ பொருளுள்ள செய்தி. உப்புச் சத்தியாகிரகத்துக்காக 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார் என்பதில் கதை இருக்கிறது, ஊர் இருக்கிறது, ஆள் இருக்கிறார். பொருளற்ற அசைகள் மறக்கும் வேகத்தை இதற்கு அப்படியே பொருத்தக் கூடாது.

அதைவிட முக்கியமானது, அவர் எதை அளந்தார் என்பது. எவ்வளவு மறந்தது என்று அவர் நேராக அளக்கவில்லை. ஒரு வரிசையை மனப்பாடம் செய்ய முதலில் எவ்வளவு நேரம் ஆனது, இடைவெளி விட்டு அதையே மறுபடி படிக்கும்போது எவ்வளவு நேரம் மிச்சமானது என்று அளந்தார். 20 நிமிடம் கழித்து 58 சதவீதம் மிச்சம். ஒரு நாள் கழித்து ஏறக்குறைய 34. ஆறு நாள் கழித்து 25. 31 நாள் கழித்தும் 21.

கடைசி எண்ணைப் பாருங்கள். பொருளே இல்லாத அசைகள், ஒரு மாதம் தொடவே இல்லை. அப்படியிருந்தும் திரும்பப் படிக்க ஐந்தில் ஒரு பங்கு நேரம் குறைந்தது. மறந்துவிட்டது என்று நாம் நினைப்பது முழுக்க அழிந்துவிடுவதில்லை. அடியில் ஈரம் இருக்கிறது. ஒரு மாதம் கழித்து வருகிறவர் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குவதில்லை என்பதற்கு இந்த ஆய்வே சாட்சி. நாமோ இதையே எடுத்து, அவர்களைப் பயமுறுத்தப் பயன்படுத்துகிறோம்.

குவிந்து கிடக்கும் ரிவிஷன்

இடைவெளி விட்டு விட்டுத் திருப்பிப் பார்க்கும் முறை புதிதல்ல. ஒரு பக்கம் கேள்வியும் மறுபக்கம் விடையும் எழுதிய அட்டைகளைப் பெட்டி பெட்டியாகப் பிரிக்கும் வழியை 1972இல் செபாஸ்டியன் லைட்னர் சொன்னார். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், அதை அடிக்கடி பார்க்க வேண்டாம். தவறினால் முதல் பெட்டிக்கே திரும்பும். 1987இல் போலந்தின் பியோத்ர் வோஸ்னியாக் இந்த யோசனையைக் கணினி நிரலாக்கினார். 2006இல் வந்த ஆங்கி என்ற மென்பொருள் இதை இலவசமாக எல்லோர் கைக்கும் கொண்டுவந்தது. முறை அருமையானது, சந்தேகமே இல்லை.

ஆனால் படிப்பவர் தினமும் வருவார் என்று நம்பித்தான் அது கணக்குப் போடுகிறது. ஊரில் திருவிழா, வீட்டில் ஒரு கல்யாணம் என்று பத்து நாள் விட்டுப்போனால், வட்டிக்கு வட்டி ஏறியது போல் அட்டைகள் குவிந்திருக்கும். ஆப்பைத் திறந்ததும் '386 பாக்கி' என்று சிவப்பு எழுத்தில் நிற்கும். இரவு பத்தரைக்குக் களைத்துப் போய் உட்காரும் ஒருவர் அதைப் பார்த்து என்ன செய்வார்? மூடிவிடுவார். மறுநாள் இன்னும் கூடியிருக்கும்.

பாக்கி எண்ணைக் காட்டவே காட்டாதீர்கள். திரும்பி வருகிறவருக்குப் பத்துக் கேள்வி போதும். அந்தப் பத்தையும் எப்படி எடுக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முன்பு பலமுறை சரியாகச் சொன்னவற்றிலிருந்து ஏழெட்டு எடுங்கள். அவை பெரும்பாலும் இன்னும் நினைவில் இருக்கும். மீதி இரண்டு மூன்று மட்டும் மறந்திருக்கக்கூடியவை. 'எனக்கு ஞாபகம் இருக்கிறதே' என்று அவரே கண்டுபிடிக்க வேண்டும். நல்ல விளையாட்டில், நீண்ட நாள் கழித்து வருகிறவனைக் கடினமான கட்டத்தில் தூக்கிப் போடமாட்டார்கள். பழகிய இடத்தில் கொஞ்சம் ஓடவிட்டு, கை பழகிய பிறகுதான் மேலே அனுப்புவார்கள். பாக்கி அட்டைகள் மெல்லக் கரையட்டும், அவசரமில்லை. அது கரையும்வரை புதுப் பாடம் கொடுக்காதீர்கள். இன்றைய புதுப் பாடம் அடுத்த வாரத்து ரிவிஷன் என்பதைப் பாடத்திட்டம் போடும்போதே கணக்கில் எடுக்க வேண்டும்.

தலைப்பிலேயே விடை

வினைத்தொகை என்று ஒரு பாடம். அதன் கீழே இருபது கேள்வி. 'ஊறுகாய்' என்ன தொகை? தலைப்பைப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும். எல்லோருக்கும் இருபதுக்கு இருபது. தேர்வில் 'மலர்க்கை', 'செந்தாமரை', 'ஊறுகாய்', 'அண்ணன் தம்பி' நான்கும் கலந்து வரும்போது, எது உவமை, எது பண்பு, எது வினை, எது உம்மை என்று பிரிக்கத் தெரியாமல் தடுமாறுவார்கள். பிரித்தறிவதற்குத்தான் பயிற்சி தேவை. அதைத்தான் நாம் கொடுப்பதே இல்லை.

ரோரர், டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 2007இல் கல்லூரி மாணவர்களுக்குக் கன அளவுக் கணக்குகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே வகையை அடுத்தடுத்துப் போட்டவர்கள் பயிற்சியில் 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள். கலந்து போட்டவர்கள் 60தான். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முதல் பிரிவுக்கு 20, கலந்து போட்டவர்களுக்கு 63. பயிற்சியில் வரும் மதிப்பெண்ணை வைத்துப் பாடத்தை எடைபோட்டால் எவ்வளவு தவறாக முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கலந்து கொடுத்தால் மதிப்பெண் இறங்கும், மனம் உடையும் என்பதும் உண்மை. அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: 'இன்று கலவைப் பயிற்சி. பத்தில் ஆறு வந்தாலே நல்ல நிலை.' தவறிய கேள்வியை அன்றைக்கே, இரண்டு நிமிடத்தில் திரும்பக் கொண்டுவாருங்கள். 1985இல் வந்த சூப்பர் மாரியோ வீடியோ கேமில் குழியில் விழுந்தால் அடுத்த சில நொடியில் மறுபடி ஓடத் தொடங்கிவிடலாம். விழுவதற்கு விலை குறைவு, அதனால்தான் விட்டுப் போகத் தோன்றுவதில்லை. நம் டெஸ்ட்டில் 40 கேள்வி தவறினால், அந்த 40ம் திரும்ப வரவே வராது, ரேங்க் பட்டியல் மட்டும் டெலிகிராமில் வரும்.

ரேங்க் பட்டியலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் பத்து இடத்தில் எப்போதும் அதே பத்துப் பேர்தான். முந்நூறாவது இடத்தில் இருப்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அவருக்கு அவருடைய போன மாதத்து மதிப்பெண்ணைக் காட்டுங்கள்.

முதல் நாள் திரையிலும் ஒரு தவறு நடக்கிறது. '200 பாடம், முடித்தது 0' என்று காட்டுகிறோம். ஒரு கார் கழுவும் நிலையத்தில் எட்டு முத்திரைக்கு ஒரு இலவசக் கழுவல் என்று அட்டை கொடுத்தபோது, முடித்தவர்கள் 19 சதவீதம். பத்துக் கட்டம் போட்டு இரண்டில் முன்பே முத்திரை குத்திக் கொடுத்தபோது 34. இரண்டிலும் குத்த வேண்டியது எட்டுதான். 2006இல் வெளிவந்த ஆய்வு இது. நம் மாணவர்கள் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படித்துவிட்டுத்தான் வருகிறார்கள், ஆக அவர்களுக்குப் பொய்யாக முத்திரை குத்தவும் தேவையில்லை. முதல் நாளே எளிய கேள்விகள் கொடுத்து, தெரிந்ததைக் கணக்கில் ஏற்றிக் கொடுக்கலாம்.

காய்ச்சலுக்காக நின்றுபோன அந்தப் பெண்ணுக்கு ஏழு மாதம் கழித்து ஒரு செய்தி அனுப்பினேன். பத்தே பத்துக் கேள்வி, மதிப்பெண் இல்லை, நேரக் கணக்கும் இல்லை என்று மட்டும் எழுதினேன். இரவு பதினொரு மணிக்குத் திறந்திருக்கிறார். ஏழு சரி. கொஞ்ச நேரம் கழித்து அவரிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால் குழந்தை அழும் சத்தம் கேட்டது. "சார், நாளைக்கும் பத்துதானே?"