ஆண்டெக்ஸ் டாப்பல்பாக்: ஒரு மடத்துப் பியரை நிதானமாக ருசிப்பது எப்படி

முதல் தடவை ஆண்டெக்ஸ் டாப்பல்பாக் கைக்குக் கிடைத்தபோது, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு மூடியைத் திறந்து, சாதாரண லாகர் மாதிரி மடமடவென்று பாதியை உள்ளே தள்ளிவிட்டு, இதற்கா இவ்வளவு பேச்சு என்று நினைத்தவன் நான். தித்திப்பு, கனம், அவ்வளவுதான் தெரிந்தது. நடுவில் ஒரு போன் வந்தது. பேசி முடித்துவிட்டு முக்கால் மணி நேரம் கழித்து வந்து, கிளாஸில் கிடந்ததைக் கொட்ட மனமில்லாமல் ஒரு வாய் குடித்தேன். அது வேறு பியர். சுட்ட ரொட்டியின் மேலோடு, கருப்பட்டி, காய்ந்த திராட்சை எல்லாம் அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தன. அன்றைக்குப் புரிந்தது, இதைக் குடிப்பதில் பாதி வேலை சும்மா இருப்பதுதான்.

சரி, முதலில் இது என்ன என்று கொஞ்சம். ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், மியூனிக்குக்குத் தென்மேற்கே, அம்மர்ஸே ஏரிக்குப் பக்கத்தில் ஒரு குன்று. புனித மலை என்றுதான் அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அதன் உச்சியில் இருப்பது ஆண்டெக்ஸ் மடம், பெனடிக்டின் துறவிகளுடையது (நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் ஆசீர்வாதப்பர் என்று சொல்வார்களே, அந்தப் புனிதரின் சபை). 1455-ல் துறவிகள் இங்கே வந்தார்கள், பியரும் கூடவே வந்தது. 1803-ல் பவேரிய அரசு மடங்களின் சொத்தையெல்லாம் எடுத்துக்கொண்டபோது இதுவும் போனது. பிறகு மன்னர் முதலாம் லுட்விக் 1846-ல் இடத்தை வாங்கி, மியூனிக்கில் தான் நிறுவிய புனித போனிஃபாஸ் மடத்துக்குக் கொடுத்துவிட்டார். இன்றைக்கும் ஆலை அந்த மடத்தின் சொத்து. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஜெர்மனியில் லேபிளில் 'க்ளோஸ்டர்', அதாவது மடம், என்று போட்டிருக்கும் பியர் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு துறவி நிற்பதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். நிறைய இடங்களில் பெயர் மட்டும்தான் மிச்சம்.

டாப்பல்பாக் என்கிற இந்தப் பலமான லாகர் வகையை மியூனிக்கில் ஆரம்பித்து வைத்தது வேறொரு சபை, பவுலானர் துறவிகள். தவக்காலத்தில் திட உணவு கிடையாது, ஆனால் திரவம் நோன்பை முறிக்காது என்பது பழைய வழக்கு. அதனால் பியரையே சாப்பாடு மாதிரி கெட்டியாகக் காய்ச்சினார்கள். அவர்கள் பியரின் பெயர் சால்வேட்டர். அதைப் பார்த்து மற்ற ஆலைகளும் தங்கள் டாப்பல்பாக்குக்கு செலிபிரேட்டர், ஆப்டிமேட்டர், ட்ரையம்ஃபேட்டர் என்று 'ஏட்டர்' வைத்தே பெயர் சூட்டின. கடையில் அந்த வால் உள்ள பெயரைப் பார்த்தால் ஓரளவு யூகித்துவிடலாம். 'பாக்' என்றால் ஜெர்மனில் ஆட்டுக்கடா. பலமான பியருக்குப் பேர்போன அய்ன்பெக் என்ற ஊரின் பெயர் பவேரிய நாக்கில் திரிந்து திரிந்து கடாவாகிவிட்டது, அதனால்தான் பல லேபிள்களில் ஆடு நிற்கிறது.

மடத்துப் பியர் என்றதும் பலர் பெல்ஜியத்து மடங்களின் 'டபல்' என்ற கறுத்த பியரை மனதில் வைத்துக்கொண்டு இதை வாங்கி ஏமாந்துபோகிறார்கள். நிறமும் பலமும் கிட்டத்தட்ட ஒன்று, வழி வேறு. பெல்ஜியத்தில் பெரும்பாலும் கறுத்த சர்க்கரைப் பாகு சேர்ப்பார்கள், ஈஸ்ட் வெதுவெதுப்பில் வேலை செய்து மிளகு, கிராம்பு, பழம் என்று வாசனையை வாரி இறைக்கும். பவேரியாவில் இந்த பியருக்கு சர்க்கரை கிடையாது, மால்ட்டும் (முளைகட்டி உலர்த்திய பார்லி) ஹாப்ஸும் (கசப்புத் தரும் ஒரு கொடியின் பூ) தண்ணீரும் ஈஸ்ட்டும்தான். குளிரில் நொதிக்க வைத்து, வாரக்கணக்கில் குளிரிலேயே கிடக்க விடுவார்கள், ஈஸ்ட் தன் வாசனையைக் காட்டாமல் ஒதுங்கிக்கொள்ளும். அப்படியானால் அந்த கருப்பட்டி ருசி எங்கிருந்து? மாவுக் கூழில் ஒரு பகுதியைத் தனியாக எடுத்துக் கொதிக்க வைத்து மறுபடி பெரிய அண்டாவில் கலப்பது பவேரியாவின் பழைய முறை. வறுத்த மால்ட்டும் அந்தக் கொதியும் சேர்ந்து செய்கிற வேலை அது. தோசை ஓரம் முறுகும்போது ஒரு வாசனை வருமே, அதே ரசாயனம்தான். ஆகவே இங்கே மிளகையும் கிராம்பையும் தேடாதீர்கள், தானியத்தைத் தேடுங்கள்.

வாங்கும்போது தேதியைப் பாருங்கள். கனமான பியர்தானே, வருஷக்கணக்கில் இருக்கும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள், பாதி உண்மை. ஒருமுறை ஒரு கடையில் ஜன்னலோரத் தட்டில் வெயில் பட நின்றிருந்த பாட்டிலை, கடைசி ஒன்று என்று ஆசைப்பட்டு வாங்கிவந்தேன். திறந்ததும் நனைந்த அட்டைப்பெட்டி வாடை. பழசாகி, சூட்டில் கிடந்து, ஆக்சிஜன் பட்ட பியர் அப்படித்தான் நாறும். உள்ளே இருட்டில் இருக்கும் பாட்டிலைக் கேட்டு வாங்குங்கள், கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

குடிப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் ஃபிரிட்ஜிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள். சென்னை மாதிரி ஊரில் மே மாதம் என்றால் பத்து நிமிஷமே அதிகம். 8 டிகிரி வாக்கில் ஆரம்பித்து, குடித்து முடிக்கும்போது 14-ஐத் தொட்டால் சரியாக இருக்கும். தெர்மாமீட்டரெல்லாம் வேண்டாம், பாட்டிலைப் பிடித்தால் கை சில்லென்று இருக்க வேண்டும், வலிக்கக் கூடாது.

கிளாஸ் விஷயத்தில் ஒரே பிடிவாதம்: ஒரு லிட்டர் குவளை வேண்டாம். வாய் கொஞ்சம் குறுகிய டியூலிப் கிளாஸ், இல்லையென்றால் வீட்டில் இருக்கும் ஒயின் கிளாஸ் போதும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நுரை நிற்காது, அதனால் நன்றாகக் கழுவி, சோப்பு போக அலசி, தானாகக் காய விடுங்கள். ஊற்றியபின் உள்பக்கச் சுவரில் குமிழிகள் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தால் கிளாஸ் சுத்தமில்லை. முழுசாக ஊற்றாமல் 200 மில்லி மட்டும் ஊற்றுங்கள். முதலில் சாய்த்து, பிறகு நிமிர்த்தி, இரண்டு விரல் நுரை வரும்படி.

இப்போது வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். மேஜையில் இருக்கும்போது கறுப்பு மாதிரி தெரிந்தது, விளக்கின் முன் கருஞ்சிவப்பாக, கலங்கல் இல்லாமல் இருக்கும். நுரை வெள்ளை இல்லை, பாலேட்டின் நிறம். அப்புறம் மூக்கு. நீளமாக இழுக்காமல், மோப்பம் பிடிப்பது போல இரண்டு மூன்று குட்டி மூச்சு. முதலில் ரொட்டி, பின்னால் வெல்லப்பாகு, இன்னும் பின்னால் லேசாகச் சாக்லேட். வாழைப்பழ வாசனை தூக்கலாக வந்தால் நீங்கள் வேறு ஏதோ பாட்டிலைத் திறந்துவிட்டீர்கள், அது கோதுமை பாக்காக இருக்கும். இங்கிலீஷ் ருசிக் குறிப்புகளில் டாஃபி, ஃபிக், ப்ரூன் என்று அடுக்குவார்கள். அதையெல்லாம் மனப்பாடம் பண்ணாதீர்கள். பேரீச்சம்பழமும் கருப்பட்டியும் அதிரசத்தின் விளிம்பும் நமக்குத் தெரிந்த ருசிகள், அவற்றை வைத்தே சொன்னால் அடுத்த முறை ஞாபகத்திலும் இருக்கும். எனக்கு ஒவ்வொரு தடவையும் வருவது அதிரசம்தான்.

முதல் வாய் வெறும் நாக்கை நனைக்க, அதை வைத்து எதுவும் முடிவு செய்ய வேண்டாம். இரண்டாவது வாயை மூன்று நாலு விநாடி வாயிலேயே சுழற்றி, விழுங்கியதும் வாயை மூடி மூக்கு வழியாக மூச்சு விடுங்கள். நாக்கு தித்திப்பு, கசப்பு என்று நாலைந்து சங்கதிகளோடு நின்றுவிடும். மிச்சமெல்லாம் இப்படிப் பின்வாசல் வழியாக மூக்குக்குப் போனால்தான் தெரியும். வரிசையைக் கவனியுங்கள்: முன்னால் இனிப்பு, நடுவில் வறுத்த தானியம், விழுங்கும்போது சின்னதாக ஒரு கசப்பு, கடைசியில் தொண்டையில் இளஞ்சூடு. அந்தக் கசப்பு வந்து இனிப்பைத் துடைத்துவிட்டால்தான் நல்ல டாப்பல்பாக். இனிப்பு பிசுபிசுவென்று உதட்டிலேயே தங்கினால் அது சுமாரானது, எந்த மடத்தின் பெயர் போட்டிருந்தாலும் சரி.

இப்போது கிளாஸைக் கீழே வைத்துவிட்டு கால் மணி நேரம் வேறு வேலை பாருங்கள். திரும்பி வந்து மறுபடி முகருங்கள், சூடு ஏற ஏற பழ வாசனை முன்னுக்கு வரும். பிறகு மிச்சத்தை ஊற்றுங்கள். ஜில்லென்ற புதுப் பியரும் வெதுவெதுப்பான பழசும் கலந்து மறுபடி ஆரம்பத்துக்கே போவதைப் பார்ப்பது எனக்கு ரொம்பப் பிடித்த விளையாட்டு.

தொட்டுக்கொள்ள உப்புப் போட்ட ப்ரெட்சல், நன்கு முதிர்ந்த சீஸ், மொறுமொறுவென்ற தோலோடு சுட்ட பன்றிக் கால். மடத்தின் உணவகத்தில் இதுதான் நடக்கிறது. வீட்டில் என்றால் வறுத்த முந்திரி போதும். மிளகாய்க் காரம் வேண்டாம், ஆல்கஹால் எரிச்சலை இரட்டிப்பாக்கி, பியரின் ருசியை அடித்துவிடும். இனிப்புப் பலகாரமும் வேண்டாம், பியர் வெறும் கசப்பாகத் தெரியும்.

அளவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 7.1 சதவீதம். அரை லிட்டரில் சுத்த ஆல்கஹால் சுமார் 28 கிராம், அதாவது 330 மில்லி சாதாரண பியர் இரண்டுக்கும் மேல். இனிப்பில் அது தெரியாது, எழுந்து நிற்கும்போதுதான் தெரியும். ஒரு ஆளுக்கு ஒரு பாட்டில் தாராளம், இரண்டு பேர் பகிர்ந்தால் இன்னும் நல்லது. வண்டிச் சாவியைத் தொடாதீர்கள். மடத்துக்கே போவதாக இருந்தால் மியூனிக்கிலிருந்து எஸ்8 ரயிலில் ஹெர்ஷிங் வரை போய், அங்கிருந்து பஸ், அல்லது காட்டுப் பாதையில் நடை. ஏறும்போது நடந்து, இறங்கும்போது பஸ் என்பது என் யோசனை.

கடைசியாக, குடித்து முடித்த கிளாஸை உடனே கழுவப் போடாதீர்கள். பத்து நிமிஷம் விட்டு, காலி கிளாஸை ஒருமுறை முகர்ந்து பாருங்கள். ஆல்கஹால் பறந்துபோய், பேக்கரியில் காலையில் தட்டு வெளியே வரும்போது அடிக்குமே ஒரு வாசனை, அது மட்டும் அடியில் கிடக்கும்.