அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களை ஒப்பிடுவது எப்படி: தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்களுக்கும் பெற்றோருக்கும்

பிளஸ் டூ முடிவு வெளிவரும் நாட்களில் தருமபுரி நான்கு ரோட்டிலும் கிருஷ்ணகிரி ரவுண்டானாவிலும் நம் கையில் திணிக்கப்படும் துண்டறிக்கைகளில் நாட்டின் பெயர், படிப்புக் காலம், கட்டணம், உலகத் தரவரிசை ஆகியவை கட்டம் கட்டமாக அச்சிடப்பட்டிருக்கும். அந்தக் கட்டங்களை அப்படியே ஒப்பிடுவது, ஒரு மண்டியில் டன் கணக்கிலும் இன்னொரு மண்டியில் கூடைக் கணக்கிலும் சொன்ன மாங்காய் விலையை ஒப்பிடுவதைப் போன்றது. முதலில் அளவையை ஒன்றாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு நீள நோட்டு வாங்கி, நாட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் எழுதி விடை தேடுங்கள். தரவரிசையைக் கடைசிப் பக்கத்தில் எழுதினால் போதும். அது பெரும்பாலும் ஆராய்ச்சியை அளக்கிறதே தவிர, முதலாண்டு மாணவர் உட்காரும் வகுப்பறையை அளப்பதில்லை.

முதல் கேள்வி, பாடம் நடத்துபவர் யார், மதிப்பெண் போடுபவர் யார், பட்டம் தருபவர் யார் என்பது. நம் பகுதிக் கலைக் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் இணைப்பிலும், பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்பிலும் இருக்கின்றன. தன்னாட்சிக் கல்லூரி வினாத்தாளைத் தானே எடுத்தாலும் பட்டம் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் வருகிறது. 1857இல் சென்னை, கல்கத்தா, பம்பாய் பல்கலைக்கழகங்களை லண்டன் பல்கலைக்கழகத்தின் அன்றைய அமைப்பைப் பார்த்துத் தொடங்கியதிலிருந்து நமக்குப் பழகிப்போன ஏற்பாடு இது. அமெரிக்காவில் பாடம் நடத்தும் பேராசிரியரே வினாத்தாள் எடுத்து, வீட்டுப்பாடம், இடைத்தேர்வு, இறுதித்தேர்வு எல்லாவற்றையும் கூட்டி கிரேடு போட்டுவிடுகிறார். பிரிட்டனில் துறையே மதிப்பெண் போட்டாலும், வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து வரும் வெளித் தேர்வாளர் அதன் தரத்தைச் சரிபார்க்கிறார். செமஸ்டரின் கடைசி மூன்று வாரம் மட்டும் படித்துத் தேறிவிடும் பழக்கமுள்ள மாணவருக்கு அமெரிக்க முறை முதல் மாதத்திலேயே கண்டிப்பு காட்டிவிடும். இதைத் துண்டறிக்கை சொல்லாது.

இரண்டாவது, கிரெடிட், அதாவது ஒரு படிப்புக்கு எவ்வளவு உழைப்பு தேவை என்பதைக் காட்டும் புள்ளி. ஐரோப்பிய நாடுகள் 1999இல் கையெழுத்திட்ட போலோன்யா உடன்பாட்டுக்குப் பிறகு பெரும்பாலும் ஒரே அளவையில் பேசுகின்றன: ஓராண்டு முழுநேரப் படிப்பு 60 கிரெடிட், ஒரு கிரெடிட் என்பது வகுப்பும் சொந்தப் படிப்பும் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. இளநிலைப் பட்டம் 180 முதல் 240 வரை. பிரிட்டனில் எண்ணிக்கை இரட்டிப்பு, ஆண்டுக்கு 120. ஆகவே அங்குள்ள ஓராண்டு முதுநிலைப் படிப்பின் 180 கிரெடிட், ஐரோப்பியக் கணக்கில் 90தான். அமெரிக்காவிலோ நான்காண்டு இளநிலைக்கே சுமார் 120 போதும், ஏனென்றால் அங்கே வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பையும் அதற்கு வெளியே இரண்டு மணி நேர உழைப்பையும் சேர்த்து ஒரு செமஸ்டருக்கு ஒரு கிரெடிட் என்று எண்ணுகிறார்கள். நம் கல்லூரிகளில் கிரெடிட் வகுப்பு நேரத்தைக் கொண்டே எண்ணப்படுகிறது. எனவே எண்களை நேருக்கு நேர் வைத்துப் பெரிது சிறிது பார்க்காமல், ஒவ்வொன்றையும் மணி நேரமாக மாற்றி நோட்டில் எழுதுங்கள். மூன்றாண்டு பி.எஸ்சி. முடித்தவர்கள் இதில் கூடுதல் கவனம் காட்ட வேண்டும்: அமெரிக்காவில் பல முதுநிலைப் படிப்புகள் பள்ளியிலிருந்து மொத்தம் 16 ஆண்டுக் கல்வியைக் கேட்கின்றன, ஜெர்மனியில் சில படிப்புகள் 180 போதாது, 210 வேண்டும் என்கின்றன.

மூன்றாவது, மதிப்பெண் மாற்றம். பணமும் நேரமும் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஜெர்மனியில் 1.0 மிகச் சிறந்தது, 4.0 தேர்ச்சியின் எல்லை. நம் மதிப்பெண்ணை அதற்கு மாற்றப் பயன்படுவது பவேரியச் சூத்திரம்: அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து நீங்கள் பெற்றதைக் கழித்து, அதை அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத் தேர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். பொறியியல் முடித்த என் அண்ணன் மகளின் சி.ஜி.பி.ஏ., அதாவது எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த சராசரிப் புள்ளி, பத்துக்கு 7.8. அவள் அணுகிய முகவர், தேர்ச்சிப் புள்ளி 6 என்று வைத்துக் கணக்குப் போட்டு 2.65 என்று எழுதிக் கொடுத்து, 2.5க்குள் கேட்கும் படிப்புகள் எல்லாவற்றையும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். எங்கள் திண்ணையில் உட்கார்ந்து அவளுடைய மார்க் ஷீட்டைத் திருப்பிப் பார்த்தபோது, பின்பக்க அட்டவணையில் மிகக் குறைந்த தேர்ச்சிக் கிரேடுக்கு 5 புள்ளி என்று இருந்தது. பத்திலிருந்து 7.8 போக மீதி 2.2, அதை 5ஆல் வகுத்து மூன்றால் பெருக்கினால் 1.32, ஒன்றைக் கூட்டினால் 2.32. அடித்த பெயர்கள் மறுபடி பட்டியலுக்குள் வந்துவிட்டன. விதிமுறை மாறும்போது தேர்ச்சிப் புள்ளியும் மாறக்கூடும் என்பதால், நீங்கள் சேர்ந்த ஆண்டின் விதிமுறை எது என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொண்டு, கணக்கை நீங்களே ஒரு முறை போட்டுப் பாருங்கள். பிரிட்டனில் 70 விழுக்காடே முதல் வகுப்பு. 65 வாங்கிய பிள்ளையைத் தொலைபேசியில் திட்ட வேண்டாம்.

நான்காவது, தோற்றால் என்ன ஆகும்? இதைக் கேட்க நம் வீடுகளில் கூச்சப்படுகிறார்கள். நம்மிடம் அரியர் என்பது அடுத்த செமஸ்டரில் கட்டணம் கட்டி எழுதித் தீர்க்கும் சங்கதி. ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் ஒரு தேர்வை எழுதப் பொதுவாக மூன்று வாய்ப்புகள்தான். கட்டாயப் பாடத்தில் கடைசி வாய்ப்பும் போனால் மாணவர் பெயர் நீக்கப்படுவதோடு, அந்நாட்டின் வேறு பல்கலைக்கழகத்திலும் அதே படிப்பைத் தொடர முடியாத நிலை வரும். இலவசக் கல்வி என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே இதையும் எழுதி வையுங்கள்.

அந்த இலவசத்துக்கும் எல்லை உண்டு. ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. வாழ்க்கைச் செலவுக்கு ஓராண்டுத் தொகையான 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் (மாதாமாதம் குறிப்பிட்ட அளவு மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பரில் வந்த அளவு. விண்ணப்பிக்கும் ஆண்டின் தொகையைத் தூதரக இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நம் நாட்டு மாணவர்கள் ஏ.பி.எஸ். எனப்படும் சான்றிதழ் சரிபார்ப்பையும் முடித்திருக்க வேண்டும். வெறும் பிளஸ் டூ சான்றிதழை வைத்துக்கொண்டு அங்கே நேரடியாகச் சேர்வது பெரும்பாலும் இயலாது; ஓராண்டு ஆயத்தப் படிப்பு அல்லது இங்கே தொடங்கிய பட்டப்படிப்பு கேட்கப்படும்.

ஐந்தாவது, திரும்பி வந்தால் அந்தப் பட்டம் இங்கே செல்லுமா? மருத்துவத்தில் இது ஒன்றே முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 நவம்பர் விதிமுறைப்படி, வெளிநாட்டு மருத்துவப் படிப்பு குறைந்தது 54 மாதம் ஆங்கில வழியில் நடந்திருக்க வேண்டும், அதே நிறுவனத்தில் 12 மாதம் பயிற்சி முடித்திருக்க வேண்டும், அந்நாட்டிலேயே மருத்துவராகப் பதிவு செய்யத் தகுதி பெற்றிருக்க வேண்டும். இங்கே வந்தபின் தகுதித் தேர்வும் இன்னொரு 12 மாதப் பயிற்சியும் காத்திருக்கின்றன. பிலிப்பைன்ஸில் முதலில் ஓர் இளநிலை அறிவியல் பட்டம், அதன் பிறகு நான்காண்டு எம்.டி. (அங்கே இதுவே அடிப்படை மருத்துவப் பட்டம்) என்ற அமைப்பு. நான்காண்டு என்றால் 48 மாதம். இந்த ஒரு கழித்தல் கணக்கைப் போடாமல் ஏஜென்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நீட் தேர்ச்சி இல்லாமல் போகலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியாகப் பணம். கல்விக் கடன் ஏழரை லட்சம் ரூபாயைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாகச் சொத்து ஈடு கேட்கும். நம் ஊரில் ஈடாகக் காட்ட இருப்பது மாந்தோப்பும் புளியமரம் நிற்கும் மேட்டு நிலமும்தான். கடன் திரும்பாதபோது வங்கி நீதிமன்றம் போகாமல் சொத்தைக் கைப்பற்ற வழிசெய்யும் சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது என்பதால், அந்த நிலத்தை ஈடாக ஏற்க வங்கிகள் தயங்குகின்றன. வீடோ வீட்டுமனையோ இருந்தால்தான் பேச்சு நகரும். ஆகவே பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றின் நகல்களோடு வங்கிக் கிளைக்குப் போய், எந்தச் சொத்தின்மேல் எவ்வளவு கிடைக்கும் என்பதைப் பல்கலைக்கழக விண்ணப்பக் கட்டணத்தைக் கட்டுவதற்கு முன்பே கேட்டு, அந்தத் தொகையை நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் மேலே எழுதிக்கொள்ளுங்கள்.