ரத்தம் நரம்பில் ஓடுகிறதா? கடத்தல் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த வருடமும் பி.எட். பயிற்சிக்கு வந்த இரண்டு பேர் கேரளத்துக் குமுளியில் எங்கள் தமிழ் மீடியம் வகுப்பில் கடத்தல் பாடம் எடுத்தார்கள். செடியில் நீரும் உணவும், உடலில் ரத்தமும் போகும் வழியைச் சொல்லும் பாடம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு காலத்தில் நான் செய்த அதே தப்புகள். செடியில் நீர் ஏறும் சைலத்தையும் உணவு போகும் புளோயத்தையும் மாற்றிச் சொல்வதெல்லாம் அடுத்த முறை தானாகச் சரியாகிவிடும், விடுங்கள்.

நரம்பு

"ரத்தம் எதில் ஓடுது?" என்றதும் வகுப்பே "நரம்புல" என்றது. பயிற்சி ஆசிரியை "தப்பு, ரத்தக்குழாய்" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். ஊசி போடும்போது "நரம்பு கிடைக்கல, கையை இறுக்கி மூடு" என்கிறார்கள். ஏலத்தோட்டத்தில் நாள் முழுக்க நிற்கும் அம்மா, காலில் "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்கிறார். போன வாரம் நாமே இலையைக் காட்டி "இது நரம்பு, இதில் தண்ணீர் போகிறது" என்றோம். இலைக்கு அது சரியான சொல்தான். அதற்குள் சைலமும் புளோயமும் இருக்கின்றன. போதாததற்கு மலையாளம் வேறு. பேச்சில் சிரையும் (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்) 'ஞரம்பு'தான், புத்தகத்தில் மூளையின் செய்தியைக் கொண்டுபோகும் நரம்புக்கு 'நாடி'. நமக்கோ நாடி என்றால் வைத்தியர் பிடித்துப் பார்ப்பது, இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாயான தமனியின் துடிப்பு. பிள்ளை எதைப் பிடித்துக்கொள்ளும்?

நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் ஒரு பையன், 'இலையின் நரம்பில் நீர் செல்வதுபோல் மனிதனின் நரம்பில் ரத்தம் செல்கிறது' என்று எழுதியிருந்தான். சிவப்பு மையில் அடித்து பூஜ்யம் போட்டேன். அவன் ஒப்பிட்டது சரி, சொல் ஒன்றுதான் இடறியது என்று எனக்கு உறைக்க வெகுநாள் ஆனது. அதற்குள் நரம்பு மண்டலப் பாடம் வந்து, மூளையின் செய்தி ரத்தத்தோடு போகிறது என்று பாதி வகுப்பு எழுதியாயிற்று.

இப்போது முதல் பத்து நிமிடம் இந்தச் சொல்லுக்குத்தான். பலகையில் மூன்று கட்டம்: வீட்டில், மலையாளத்தில், பரீட்சையில். மணிக்கட்டில் விரல் வைத்தால் துடிப்பது தமனி. புறங்கையில் புடைத்துத் தெரிவது சிரை. அப்புறம்தான் படம்.

குழாயோடு நிறுத்துவது

தமனி, சிரை, இதயம் என்று முடித்துவிட்டால் செல்லுக்கு எதுவும் போய்ச் சேராது. ஆங்கில மருத்துவர் ஹார்வி 1628-இல் ரத்தம் சுற்றி வருவதை எழுதியபோது தமனியிலிருந்து சிரைக்கு அது கடக்கும் வழியைக் கண்ணால் பார்த்ததில்லை. 1661-இல் இத்தாலிய மருத்துவர் மால்பிகி தவளை நுரையீரலில் தந்துகிகளை, அதாவது தமனியையும் சிரையையும் இணைக்கும் நுண்குழாய்களைக் கண்டார். ஒரே செல் கனமுள்ள அந்தச் சுவர் வழியாகத்தான் ஆக்சிஜனும் உணவும் வெளியேறுகின்றன. ஒரு வகுப்பு முழுக்க இதற்கே கொடுக்கலாம்.

மரத்துக்கு மோட்டார்

மரம் மோட்டார்போல் நீரை உறிஞ்சுகிறது என்று உவமை சொல்லாதீர்கள். மேட்டில் வைத்த மோட்டார் சுமார் 10 மீட்டருக்குக் கீழே இருந்து நீரை உறிஞ்சாது. கமுகு அதைவிட உயரம் என்று ஒரு பிள்ளை கேட்டால் உவமை கவிழ்ந்துவிடும். இலைத்துளை வழியே நீர் ஆவியாகப் போகப்போக, ஒன்றோடொன்று ஒட்டிய நீர் மூலக்கூறுகள் சைலத்தில் சங்கிலிபோல் மேலே இழுபடுகின்றன.

நீல ரத்தம்

படத்தில் சிரைக்கு நீலம் தீட்டுவதால் அதில் நீல ரத்தம் ஓடுகிறது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். கிடையாது. அடர்சிவப்பு.

காசித்தும்பையும் சிவப்பு மையும்

சைலத்தில் நீர் ஏறுவதைக் காட்ட காசித்தும்பைத் தண்டைச் சிவப்பு மையில் நிறுத்துவோம். அதற்கு முன் தண்டைத் தண்ணீருக்குள் வைத்து வெட்டுங்கள். இல்லையென்றால் காற்று புகுந்து மை பாதியிலேயே நின்றுவிடும்.