கன உருவங்களை முகங்களையும் அடிப்பக்கத்தையும் கொண்டு இனங்காணுதல்

ஒரு கன உருவம் எந்த முகத்தின்மேல் வைக்கப்பட்டிருக்கிறதோ அதுவே அதன் அடிப்பக்கம் என்று கருதிவிடுவதுதான் இந்தப் பாடத்தில் பலரும் தடுமாறும் இடம். உருவத்தை எப்படித் திருப்பி வைத்தாலும் அதன் பெயர் மாறுவதில்லை. ஆகவே செவ்வக முகத்தின்மேல் படுத்திருக்கும் முக்கோணப் பட்டகத்துக்கும் (இணையான இரு சம முக்கோணங்களைச் செவ்வகங்கள் இணைக்கும் உருவம்) இரு முனைகளிலும் உள்ள முக்கோணங்களே அடிப்பக்கங்கள்.

முதலில் வளைபரப்பு உண்டா என்று பாருங்கள். வளைபரப்புடன் இரண்டு சம வட்டங்கள் எதிரெதிரே இணையாக இருந்தால் அது உருளை. ஒரு வட்டமும் ஓர் உச்சியும் மட்டும் இருந்தால் கூம்பு. தட்டையான முகமே இன்றி எப்புறமும் ஒரே சீராக வளைந்திருந்தால் கோளம். இவற்றில் குழப்பத்துக்கு இடம் குறைவு.

தட்டையான முகங்களால் மட்டுமே ஆன உருவமாயின், பக்க முகங்களைக் கவனிக்க வேண்டும். அவை யாவும் முக்கோணங்களாக இருந்து ஒரே உச்சியில் கூடினால் அது பிரமிடு; அந்த உச்சியைத் தொடாமல் எஞ்சி நிற்கும் ஒரே முகம் அதன் அடிப்பக்கம். அவ்வாறன்றி, இணையாக அமைந்த இரு சர்வசம முகங்களைப் பக்க முகங்கள் செவ்வகங்களாக நின்று இணைத்தால் அது நேர்ப் பட்டகம். சாய்ந்த பட்டகத்தில் இணைகரங்களும் வரும். பட்டகத்தின் அடிப்பக்கம் ஐங்கோணமானால் ஐங்கோணப் பட்டகம், பிரமிடின் அடிப்பக்கம் அறுகோணமானால் அறுகோணப் பிரமிடு என்று பெயர் அமைகிறது.

முகங்களின் எண்ணிக்கையை மட்டும் நம்புவது போதாது. ஏழு முகங்கள் கொண்ட ஓர் உருவம் ஐங்கோணப் பட்டகமாகவும் இருக்கலாம், அறுகோணப் பிரமிடாகவும் இருக்கலாம். முன்னதில் 2 ஐங்கோணங்களும் 5 நாற்கரங்களும் உள்ளன. உச்சிகள் 10, விளிம்புகள் 15. பின்னதில் 1 அறுகோணமும் 6 முக்கோணங்களும் உள்ளன. உச்சிகள் 7, விளிம்புகள் 12. எண்ணியது சரிதானா என்று அறிய, முகங்களையும் உச்சிகளையும் கூட்டி விளிம்புகளைக் கழித்துப் பாருங்கள். இவ்விரண்டிலும் விடை 2 வரும். வராவிட்டால், பெரும்பாலும் படத்தில் புள்ளிக்கோடாகக் காட்டப்பட்டுள்ள மறைந்த விளிம்பு ஒன்று விடுபட்டிருக்கும்.

கனச்செவ்வகத்தில் எதிரெதிர் முகங்களில் எந்த இணையையும் அடிப்பக்கங்களாகக் கொள்ளலாம்; நான்கு முக்கோணங்களால் ஆன நான்முகியில் எந்த முகமும் அடிப்பக்கமாகும். இணையான இரு முகங்கள் ஒரே வடிவில் இருந்தும் ஒன்று சிறிதாகி, பக்க முகங்கள் சரிவகங்களாக இருந்தால் அது பட்டகம் அன்று, உச்சிப்பகுதி வெட்டப்பட்ட பிரமிடின் இடைக்கண்டம். எல்லா முகங்களும் முக்கோணம் என்பதாலேயே ஓர் உருவத்தைப் பிரமிடு என்றும் சொல்லிவிட முடியாது: எண்முகியின் எட்டு முக்கோணங்களில் நான்கு ஓர் உச்சியிலும் மற்ற நான்கு அதற்கு எதிர் உச்சியிலும் கூடுகின்றன. இரு சதுரப் பிரமிடுகளை அடியோடு அடி ஒட்டவைத்தால் கிடைப்பதும் அந்த அமைப்புத்தான். ஒட்டிய சதுரம் உள்ளே மறைந்துவிடுவதால் அது முகங்களின் கணக்கில் சேராது.